தென்மாநில டீ கேக் செய்முறை குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான சமையல் பக்கத்தில், அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய பாணிக் குக்கி என்ற தலைப்பில் ஒரு செய்முறை இடம்பெற்றிருந்தது. தென் கரோலினாவில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் எனக்கு, இந்த வட்டாரத்துப் பலகாரம் ஒன்றைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த நீங்கள் முன்வந்தது உண்மையிலேயே மகிழ்ச்சி அளித்தது. ஆனால் அச்சாகியிருந்த செய்முறையில் சாக்லெட் துண்டுகளும் வண்ண மிட்டாய்களும் இருந்தன. வெண்ணெய்க்குப் பதிலாக வனஸ்பதி சேர்க்கலாம் என்று சொல்லப்பட்டிருந்தது. ஓவனின் சூடு 200 டிகிரி என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பண்டத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுட்டுவருகிற மக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடைசியாகச் சொன்ன குறையிலிருந்தே மற்றவை பிறந்தன என்று நான் கருதுகிறேன். இதை யார், எந்த நிலையில், என்னென்ன பொருள்களைக் கொண்டு செய்தார்கள் என்று தெரிந்த ஒருவர் இதில் மிட்டாயைச் சேர்க்க மாட்டார். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

தென்மாநிலங்களில் பழைய பாணி வீட்டுக் குக்கி என்றால் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது டீ கேக். பெயரில் கேக் இருந்தாலும் இது வட்டமாக வெட்டிச் சுடப்படும் ஒரு மென்மையான குக்கிதான். உள்ளங்கையில் அடங்கும் அளவு, மேலே லேசான உப்பல், ஓரத்தில் மட்டும் வெளிர் பழுப்பு, நடுவில் ஏறக்குறைய வெண்மை. கடித்தால் நொறுங்காது, மெத்தென்று விட்டுக்கொடுக்கும். மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, மோர், சிறிது சோடா, ஜாதிக்காய் அல்லது வனிலா என்பவற்றுக்கு மேல் இதில் ஒன்றும் கிடையாது. மேலே பூச்சு இல்லை, உள்ளே பூரணம் இல்லை. முதல் முறை தின்பவர்களுக்கு இது சப்பென்று தோன்றக்கூடும். வெண்ணெயின் மணமும் ஜாதிக்காயின் மெல்லிய காரமும் நாவில் தெரியத் தொடங்கிய பிறகு, கடைக் குக்கிகளின் இனிப்பு மிகையாகத் தோன்றும் என்பது என் அனுபவம்.

சாக்லெட் துண்டு போட்ட குக்கி இதன் உறவினர்கூட அல்ல. அது 1930களில் வடகிழக்கு மாநிலமான மாசசூசெட்ஸில், விட்மன் என்னும் ஊரில் இருந்த டோல் ஹவுஸ் விடுதியில் ரூத் வேக்ஃபீல்ட் என்பவர் உருவாக்கியது. ஊரும் வேறு, காலமும் வேறு. அதைப் பழைய தென்மாநிலக் குக்கி என்று அச்சிடுவது எளிதில் திருத்திவிடக்கூடிய பிழை. திருத்துவீர்கள் என நம்புகிறேன்.

டீ கேக்கின் வரலாறு இனிப்பானதன்று. தேநீருடன் தின்னும் சிறு கேக்குகளை இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்களுடன் கொண்டுவந்தார்கள். தோட்ட முதலாளிகளின் வீடுகளில் அவற்றைச் சுட்டவர்கள், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்கள். அவர்களுடைய சொந்தப் பங்குக்கு என்ன கிடைத்தது என்பதற்கு, அடிமை நிலையிலிருந்து தப்பி விடுதலை இயக்கத்தின் பெருங்குரலாக விளங்கிய ஃபிரெடரிக் டக்ளஸ், தாம் வாழ்ந்த மேரிலாந்துத் தோட்டத்தைப் பற்றி எழுதியதே சான்று: வளர்ந்த ஓர் ஆளுக்கு மாதம் ஒன்றுக்கு எட்டுப் பவுண்டு பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷல், அதாவது ஏறத்தாழ 35 லிட்டர் கொள்ளும் அளவு மக்காச்சோள மாவு. வெள்ளைக் கோதுமை மாவோ வெள்ளைச் சர்க்கரையோ அந்தப் பங்கில் இல்லை. முதலாளியின் வீட்டில் நாள்தோறும் கையாண்ட மாவைத் தம் குழந்தைகளுக்கு எப்போதாவது மட்டுமே பிசைந்து கொடுக்க முடிந்தவர்கள் அந்தத் தாய்மார்கள். விடுதலைக்குப் பிறகும் கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் அன்றாட ரொட்டி மக்காச்சோளத்தில்தான். கோதுமை மாவு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக்கும் விருந்துக்கும் உரியது. அந்த மாவும், வீட்டுக் கோழியின் முட்டையும், வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சிய மோரும் சேர்ந்து உருவானதே இன்று கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் பாட்டிமார்களின் பெயரால் நினைவுகூரும் டீ கேக். சர்க்கரை வாங்க இயலாத வீடுகளில் கரும்புப் பாகைச் சேர்த்தார்கள். அதனால் கருஞ்சிவப்பு நிறத்து டீ கேக்கும் இன்றுவரை வழக்கில் இருக்கிறது. டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் 1865 ஜூன் 19 அன்று விடுதலை ஆணை அறிவிக்கப்பட்டதை நினைவுகூரும் ஜூன்டீன்த் நாளில், 2021 முதல் அது நாடு தழுவிய விடுமுறையாகிவிட்ட நிலையில், பல வீடுகளின் விருந்து மேசையில் டீ கேக்கும் இருக்கும்.

இந்தப் பெண்களில் பெரும்பாலோர் தங்கள் கைமுறையை எழுதி வைக்கவில்லை. எழுதப் படிக்கக் கற்பதே பல மாநிலங்களில் அவர்களுக்குச் சட்டத்தால் மறுக்கப்பட்டிருந்தது. விதிவிலக்கான இருவரையேனும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். டென்னசியில் சுதந்திரப் பெண்ணாகப் பிறந்து, அங்கே பலகாரக் கடை நடத்தி, உள்நாட்டுப் போர்க்காலத்தில் சேமிப்பைக் கொள்ளையரிடம் பறிகொடுத்து வடக்கே மிச்சிகனுக்குப் போன மலிண்டா ரசல், 1866இல் அங்குள்ள பா பா என்னும் ஊரில் ஒரு சிறு சமையல் நூலை வெளியிட்டார். அதில் பெரும்பகுதி கேக்குகளும் இனிப்புகளுமே. இன்று அறியப்பட்ட அதன் மூலப்பிரதி ஒன்றே ஒன்றுதான். அது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. இன்னொருவர் அபி ஃபிஷர். தென் கரோலினாவில் அடிமை நிலையில் பிறந்து, அலபாமாவில் வாழ்ந்து, பின்னர் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஊறுகாயும் பழப்பாகும் செய்து விற்றுப் பிழைத்த அவர், 1880இல் அந்நகரின் கண்காட்சியில் பதக்கங்கள் பெற்றார். எழுதப் படிக்கத் தெரியாத நிலையில் தம் சமையல் முறைகள் முழுவதையும் வாய்மொழியாகச் சொல்லி எழுதச் செய்து 1881இல் நூலாக்கினார். கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய முதல் சமையல் நூல் ஃபிஷருடையதே என்று நெடுநாள் கருதப்பட்டது. ரசலின் நூல் வெளிச்சத்துக்கு வந்தபின் அக்கருத்து மாறியது. சமையல் குறிப்புக்கு மேலே இப்படி இரண்டு வரி சேர்க்கத் தங்கள் பக்கத்தில் இடம் இல்லாமல் போகாது.

இனி மாவுக்கு வருகிறேன். டீ கேக்கின் மென்மை பெரும்பாலும் மாவிலிருந்து வருகிறது. தென்மாநில வீடுகளில் பயன்படுத்தப்படுவது குளிர்காலத்தில் விளையும் மென்வகைச் செங்கோதுமையின் மாவு. இதில் புரதம் ஏறத்தாழ 8 முதல் 9 விழுக்காடுதான். ஆகவே பிசையும்போது பசைத்தன்மை குறைவாகவே உண்டாகும். டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் 1883இல் தொடங்கிய ஒயிட் லில்லி நிறுவனத்தின் மாவு இதற்குப் பேர்பெற்றது. 2008இல் அந்த நாக்ஸ்வில் ஆலை மூடப்பட்டு உற்பத்தி வேறு மாநிலங்களுக்குப் போனபோது, மாவின் தன்மை மாறிவிட்டதாகத் தென்மாநிலத்துச் சமையல்காரர்கள் வெளிப்படையாகவே வருந்தினார்கள். மாவின் மீது இவ்வளவு பற்றா என்று வியப்பவர்கள், புழுங்கலரிசியின் பக்குவத்தைப் பற்றி இட்லி வார்ப்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். நம் கடைகளில் கிடைக்கும் மைதா சற்றுக் கூடுதலான இழுவை உடையது. அதனால் 300 கிராம் மாவு வேண்டிய இடத்தில் 260 கிராம் மைதாவும், கார்ன்ஃப்ளார் என்று கடைகளில் விற்கும் மக்காச்சோள ஸ்டார்ச் 40 கிராமும் கலந்து இரண்டு முறை சலித்துக்கொண்டால், அந்த மென்மைக்கு மிக அருகில் வரலாம். கோதுமை மாவில் செய்யலாமா என்று சிலர் கேட்கக்கூடும். செய்யலாம், ஆனால் தவிட்டுச் சுவை ஜாதிக்காயை மறைத்துவிடும்.

தங்கள் செய்முறையில் ஒரு தேக்கரண்டி சோடா உப்பு சொல்லப்பட்டிருந்தது. அது மிக அதிகம். சோடா தானாக மாவை உப்ப வைப்பதில்லை. மோரில் இருக்கும் லாக்டிக் அமிலத்துடன் சேரும்போது கரியமில வாயு வெளிப்படுகிறது, அந்த வாயுதான் மாவை எழுப்புகிறது. சுமார் 240 மில்லி மோரின் புளிப்பை ஈடுசெய்ய அரைத் தேக்கரண்டி சோடாவே போதும். டீ கேக்கில் மோர் 60 மில்லிதான் சேர்கிறது. மீந்துபோகும் சோடா வாயில் சவர்க்காரம் போன்ற ருசியைத் தருவதோடு, குக்கியை அளவுக்கு மீறிக் கறுக்கவும் வைக்கும். ஆகவே சோடா அரைக்கால் தேக்கரண்டியும் (கால் தேக்கரண்டியில் பாதி), எஞ்சிய உப்பலுக்குப் பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டியும் சரியாக இருக்கும். விடுதலை பெற்றவர்கள் சேர்ந்து உருவாக்கிய வர்ஜீனியாவின் ஃப்ரீடவுன் என்னும் சிற்றூரில் 1916இல் பிறந்து, தென்மாநிலச் சமையலின் பெரும் ஆசிரியராக மதிக்கப்பட்ட எட்னா லூயிஸ், கடைப் பேக்கிங் பவுடரின் உலோகச் சுவை பிடிக்காமல், க்ரீம் ஆஃப் டார்டார் என்று விற்கும் புளிப்பு உப்பு இரண்டு பங்கும் சோடா ஒரு பங்கும் சேர்த்துத் தாமே கலந்து வைத்துக்கொண்டார். அவ்வளவு கவனம் ஒரு சிட்டிகைத் தூளுக்கும் தேவைப்படுகிறது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். மோர் என்று நான் சொல்வது தண்ணீர் விட்டுப் பெருக்கி உப்பும் பெருங்காயமும் போட்ட நீர்மோர் அன்று. புளித்த கெட்டித் தயிரை மிகச் சிறிது தண்ணீர் விட்டுக் கடைந்தால் வரும் பாலாடை போன்ற கெட்டி மோரே இதற்கு ஏற்றது.

கொழுப்பைப் பொறுத்தவரை, பழைய வீடுகளில் வெண்ணெயோடு பன்றிக் கொழுப்பையும் பயன்படுத்தினார்கள். 1911இல் க்ரிஸ்கோ என்னும் தாவரக் கொழுப்பு சந்தைக்கு வந்தபின் பலர் அதற்கு மாறினார்கள். ஆகவே வனஸ்பதி என்ற யோசனைக்கு முன்மாதிரியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பண்டத்தில் மணம் என்று ஒன்று இருந்தால் அது வெண்ணெயின் மணம்தான். இவ்வளவு குறைந்த பொருள்கள் உள்ள ஒன்றில் அதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இனிப்பு மட்டுமே. நெய்யும் இதற்கு உதவாது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு நீர் இருக்கிறது, நெய்யில் அது இல்லை. நெய் சேர்த்தால் குக்கி நான்கட்டாயைப் போல மணல்மணலாக உதிரும். நான்கட்டாய் அருமையான பண்டம்தான், எனினும் அது வேறு. வீட்டில் கடைந்த வெண்ணெயாக இருந்தால் தண்ணீரை நன்றாகப் பிழிந்துவிட்டு எடை போட வேண்டும். கடையில் வாங்கிய உப்பு வெண்ணெயாக இருந்தால் தனியாக உப்புச் சேர்க்க வேண்டியதில்லை.

செய்முறையை முழுமையாகத் தருகிறேன். விரும்பினால் அப்படியே அச்சிட்டுக்கொள்ளலாம். நம் ஊர்ச் சர்க்கரையின் பரல் பெரியது. 200 கிராம் சர்க்கரையை மிக்ஸியில் இரண்டு சுற்று மட்டும் ஓடவிட்டு, மெல்லிய ரவைப் பதத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும், தூளாக்கிவிடக் கூடாது. அறைச் சூட்டில் தளர்ந்த, ஆனால் உருகாத வெண்ணெய் 115 கிராமை இந்தச் சர்க்கரையுடன் சேர்த்து, நிறம் வெளுத்துப் பஞ்சுபோல் ஆகும்வரை அடிக்க வேண்டும். சர்க்கரையின் கூரிய பரல்கள் வெண்ணெயில் காற்றறைகளை உண்டாக்குவது இந்த நிலையில்தான், ஆகவே இதில் மட்டும் அவசரம் வேண்டாம். பிறகு ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி வனிலா, அப்போதே துருவிய ஜாதிக்காய் அரைத் தேக்கரண்டி, 60 மில்லி மோர். மேலே சொன்ன 300 கிராம் மாவுக் கலவையில் சோடா, பேக்கிங் பவுடர், தேவையானால் அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்து, அதை இரண்டு மூன்று பங்காகப் போட்டு, உலர்மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகும் அந்தக் கணத்தில் கலப்பதை நிறுத்திவிட வேண்டும். சப்பாத்தி மாவைப் போல அடித்துப் பிசைந்தால் குக்கி தோலாகிவிடும்.

மாவு இப்போது கையில் ஒட்டும், ஒட்டத்தான் வேண்டும். இன்னும் மாவு கொட்டிக் கெட்டிப்படுத்தாமல், தட்டையாக்கி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் வெண்ணெய் இறுகி மாவு கைக்கு அடங்கும். சென்னையைப் போன்ற வெப்பமான ஊர்களில் பாதி மாவை மட்டும் வெளியே எடுத்துத் தேய்ப்பது நல்லது. பலகையில் லேசாக மாவு தூவி, பூரிக்கட்டையால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, வாய் அகன்ற தம்ளரால் வட்டமாக வெட்டி, தட்டில் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். இதைவிட மெல்லியதாகத் தேய்த்தால் மொறுமொறுப்பாகிவிடும். அப்படி விரும்பும் குடும்பங்களும் இங்கே உண்டு. ஓவனை முன்னதாகவே 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, 10 முதல் 12 நிமிடம் சுட வேண்டும். 200 டிகிரியில் வைத்தால் நடுப்பகுதி வேகும் முன்பே அடிப்பாகம் கருகும். விறகடுப்புக் காலத்துப் பெண்கள் ஓவனுக்குள் கையை நீட்டி, எத்தனை எண்ணும்வரை தாங்க முடிகிறது என்று பார்த்தே சூட்டை அறிந்தார்கள். நமக்கு வெப்பமானி இருக்கிறது, அதைச் சரியான எண்ணில் திருப்பினால் போதும். ஓரம் லேசாகச் சிவந்து நடுப்பகுதி வெளுத்தே இருக்கும்போது வெளியே எடுத்துவிட வேண்டும்; தட்டின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். முழுதும் ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால், மறுநாள் இன்னும் மென்மையாக இருக்கும்.

முட்டை சேர்க்காதவர்கள் முட்டைக்குப் பதிலாக மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர் சேர்க்கலாம். நிறம் சற்று வெளிறும், உப்பல் குறையும், சுவை கெடாது.

அலங்காரம் ஏதேனும் இருந்தே ஆகவேண்டும் என்று தங்கள் பக்கத்தைத் தயாரிப்பவர்கள் கருதினால், அதற்கும் இந்த மண்ணிலேயே வழி இருக்கிறது. தென் கரோலினாவின் கடற்கரையில், சார்ல்ஸ்டன் நகரைச் சுற்றியுள்ள பகுதியில், பென்னே வேஃபர் என்ற மெல்லிய மொறுமொறு குக்கியைச் செய்கிறார்கள். பென்னே என்பது நம் எள்ளேதான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களுடன் இந்தக் கரைக்கு வந்து, அவர்களுடைய சிறு தோட்டங்களில் விளைந்த எள், வறுத்து, பழுப்புச் சர்க்கரையும் வெண்ணெயும் மிகக் குறைந்த மாவும் சேர்ந்து இந்த வேஃபராகிறது. எள்ளுருண்டை தின்று வளர்ந்த வாசகர்களுக்கு இதன் மணம் அந்நியமாக இராது. இதற்கென்று தனியாக ஒரு வாரம் ஒதுக்கி வெளியிடலாம். டீ கேக்கின் தலையில் எள்ளைத் தூவி இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

தங்களிடம் நான் வேண்டுவது மூன்று. முதலாவது, திருத்திய செய்முறையை வெளியிடுங்கள். அடுத்து, பேக்கிங் குறிப்புகளிலேனும் கப் கணக்கைக் கைவிட்டு கிராம் கணக்கில் அச்சிடுங்கள். ஒரே கப்பில் மைதாவை மெதுவாக அள்ளிப் போட்டால் 120 கிராமும், அழுத்தி முகந்தால் 150 கிராமும் வருகிறது. டீ கேக் மெத்தென்று வருவதும் கல்லாகிப் போவதும் அந்த 30 கிராமில் இருக்கிறது, வீட்டில் முதன்முறை முயல்பவர் தம் கைதான் சரியில்லை என்று எண்ணி ஓவனை மூடிவிடுகிறார். மூன்றாவதாக, வேறு ஒரு மக்களின் பலகாரத்தை வெளியிடும்போதெல்லாம் அது யாருடையது என்பதை ஒரு வரியிலாவது சொல்லுங்கள். அபி ஃபிஷர் வாய்மொழியாகச் சொல்லி எழுதச் செய்த முறைகள் 140 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய பெயரோடு வாசிக்கப்படுகின்றன. அச்சகத்தின் பக்கம் வரமுடியாமல் போன மற்றப் பெண்களுக்கு, தங்கள் இணைப்பிதழின் அந்த ஒரு வரி கிடைக்குமானால் பெரிதும் மகிழ்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
தென் கரோலினா, அமெரிக்கா